கரிசல் காட்டு வண்டி

கடம்பூர் என்று சொன்னவுடன், ரயிலில் போய்வந்தவர்களுக்கெல்லாம் நாக்கில் போளி இனிக்கும். கோவில்பட்டியைத் தாண்டித் தெற்கே போகிற ரயில் கடம்பூரில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் போளி வாங்காதவர், அந்தப் பாதையில் பிரயாணமே செய்யவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் பிறந்த எனக்கு, கடம்பூர் என்றால் முதலில் ஞாபகம் வருவது ஒரு சத்தம்.

'டுர்ர்ர்ர்...' என்று ஒரு சத்தம். தையல் மெஷினுக்கும் மாவு மில்லுக்கும் பிறந்த குழந்தை அழுதால் எப்படி இருக்கும், அப்படி. சாயங்காலம் ஊர் எல்லைப் புளிய மரத்தடியில் அது கேட்டதோ இல்லையோ, அம்மா அடுப்பில் தோசைக் கல்லைப் போட்டுவிடுவாள். நாயும் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். அப்பா வருகிறார்!

அப்பா ஏறிவந்த அந்த வண்டியைத்தான் இருபது வருஷங்களுக்கு மேல் கழித்துச் சமீபத்தில் மறுபடி பார்த்தேன். பார்த்தது மட்டுமல்ல, பழுது பார்த்து ஓட்டியும் பார்த்தேன். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். மோட்டார் விஷயம் நமக்கெதற்கு என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் தோசையும் வருகிறது, சண்டையும் வருகிறது.

வண்டி ஒன்றும் ராஜ வாகனம் அல்ல. டி.வி.எஸ். 50. ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து 1980ல் முதன்முதலாக வெளிவந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகலாம் என்று இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மொபெட் அதுதான். அதற்கு முன்னும் மொபெட்டுகள் இல்லாமலில்லை. திருப்பதியில் தயாரான சுவேகா இருந்தது. 1972லேயே கைனெடிக் கம்பெனியாரின் லூனா வந்துவிட்டது. ஆனால் குடும்பஸ்தன் ஒருவன் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு, கூடவே ஒரு மூட்டையையும் வைத்துக்கொண்டு போவதென்றால், தென் மாவட்டங்களில் ஒரு காலத்துக்கு டி.வி.எஸ். 50 என்றே ஆகிவிட்டது. வேறு கம்பெனி வண்டியைக்கூட 'டி.வி.எஸ்.' என்று சொன்ன பெரியவர்கள் உண்டு.

'மொபெட்' என்ற பெயரைச் சூட்டியவர் யார் தெரியுமா? சுவீடன் நாட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவர். மோட்டாரில் பாதி, பெடலில் பாதி எடுத்து ஒட்டி, 1952ல் அந்தப் பெயரை உண்டாக்கினார். நம் தொழில்காரர் ஒருவர் உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

சின்ன வண்டியின் மேல் மனிதனுக்கு உள்ள மோகம் நம் நாட்டோடு நிற்கிற சமாசாரம் அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ்காரர்கள் 98 ஸி.ஸி. எஞ்சினில் ஒரு குட்டி மோட்டார் ஸைக்கிள் செய்தார்கள். அதன் பெயர் வெல்பைக். மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பாராசூட்டில் இறக்கிவிடலாம். ஜப்பானில் ஹோண்டா கம்பெனியார் 1961ல், டோக்கியோவுக்கு அருகில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் குழந்தைகள் ஓட்டி விளையாட ஒரு குட்டி வண்டி செய்து வைத்தார்கள். பெரியவர்கள் அதன்மேல் முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் குரங்கு போலத் தெரிந்ததாம். 'மங்க்கி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நம் நாட்டில் 1973ல் 'பாபி' ஹிந்திப் படத்தில் கதாநாயகனும் நாயகியும் ஏறிப்போன ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175 என்ற குட்டை வண்டியை இன்றைக்கும் 'பாபி வண்டி' என்றுதான் சொல்கிறார்கள். அதைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்து வைத்துக்கொள்கிறவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

எங்கள் வண்டியைப் படத்தில் யாரும் ஓட்டவில்லை. அதை ஓட்டியவர் என் அப்பா.

அவருக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு. உளுந்து, பாசி, பருத்தி, மழை பெய்தால் மல்லி. மழை பெய்யாத மாதங்களுக்காக இன்னொரு தொழிலும் வைத்திருந்தார். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்கள் ஏராளம். தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். கிராமத்துப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். ஒட்டிய பெட்டிகளை ஊர் ஊராகச் சேகரித்து ஆபீஸில் கொண்டு சேர்ப்பது அப்பாவின் வேலை. காலிப் பெட்டிக்கு எடை ஏது? ஆனால் இடம் அடைக்கும். மூட்டை மூட்டையாக அடுக்கிக் கட்டுவதற்கென்று, வண்டியின் பின்னால் இரும்புக் கம்பியில் அகலமாக ஒரு கேரியர் வெல்டிங் வைத்திருந்தார். பின்னாலிருந்து பார்த்தால் வண்டியும் தெரியாது, அப்பாவும் தெரியாது. ஒரு மூட்டைமலை தானாக நகர்ந்துபோவது போலிருக்கும்.

என் இடம் முன்னால். ஹேண்டில் பாரின் நடுவைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நிற்க வேண்டும். எதிர்க்காற்று முகத்தில் அடிக்கும். கண்ணில் பூச்சி விழும். உலகத்தில் அதைவிட உயர்ந்த ஆசனம் இருக்கிறதென்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. இப்போது சொன்னாலும் நம்பமாட்டேன்.

அந்தக் கேரியரின் ஓரத்தில் எப்போதும் ஒரு கருவேலங்குச்சி கட்டியிருக்கும். ஒரு முழ நீளம். ஒரு முனை அரிவாளால் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். வெளியூர்க்காரர்கள் நாயை விரட்டுவதற்கு என்று நினைப்பார்கள். சங்கதி அதுவல்ல.

கரிசல் மண்ணோடு பழகியவர்களுக்குத் தெரியும். கோடையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். வெடிப்புக்குள் காலை விட்டால் கணுக்காலுக்கு மேல் போகும். அதே மண், மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து உப்பிக் களியாகிவிடும். அதன்மேல் வண்டிச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், டயரோடு அப்பிக்கொண்டு வரும். இரண்டாவது சுற்றில் அதன்மேல் இன்னொரு பூச்சு. பத்தடி போவதற்குள் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கெட்டியாக அடைத்துக்கொள்ளும். பிறகு எஞ்சின் என்ன கத்தினாலும் சக்கரம் அசையாது. அப்போது இறங்கி, குச்சியை உருவி, மண்ணைத் தோண்டிப் போட்டு, வண்டியைப் பத்தடி தள்ளி, மறுபடி தோண்டி... இப்படி ஒரு மைல் வருவதற்குள் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். பெட்டி நனைந்தால் கூலி போச்சு. ஆகையால் மேற்கே மேகம் இருட்டினால் அப்பா என்ன வேலையாக இருந்தாலும் வண்டியைத் திருப்பிவிடுவார்.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

2002ஆம் வருஷம். எனக்குப் பதினாலு வயது. கியர் இல்லாத 50 ஸி.ஸி. வண்டி ஓட்டுவதற்குக்கூட நம் சட்டம் பதினாறு வயது கேட்கிறது. நான் சட்டம் படித்திருக்கவில்லை. ஒரு மத்தியானம் அப்பா சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், வண்டியைச் சத்தமில்லாமல் களத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலை மிதித்தேன். 'டுர்ர்' என்றது. ஏறி உட்கார்ந்து கையை முறுக்கினேன். எப்படிப் போவதென்று தெரிந்திருந்தது. எப்படி நிற்பதென்று தெரிந்திருக்கவில்லை. களத்து ஓரத்துச் சீமைக் கருவேலம் புதருக்குள் நானும் வண்டியும் ஏக காலத்தில் பிரவேசித்தோம். முகப்பு விளக்குத் தூள். பிரேக் பிடி வளைந்து போயிற்று. என் உடம்பில் முள் குத்தாத இடத்தை எண்ணிவிடலாம்.

அம்மா திட்டித் தீர்த்தாள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சரியாகப் பதினைந்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால், திண்ணை ஓரத்தில் வண்டி நின்ற இடம் காலி. தரையில் ஆயில் கறை மட்டும் இருந்தது. "வித்தாச்சு" என்றாள் அம்மா. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே! அன்றிலிருந்து அப்பா பஸ்ஸில் போனார், நடந்து போனார், யார் வண்டியிலாவது தொத்திக்கொண்டு போனார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கருவேல முள் எனக்குள் ஒருமுறை குத்தும். காலேஜுக்குப் போய், பட்டணத்துக்கு வந்து, பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது போகவில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். டீக்கடையில் பேச்சுவாக்கில், "உங்க அப்பா வண்டி இன்னும் கிடக்கே! கயத்தாறு போற பக்கம் ஒரு தாத்தா வீட்டுல" என்று ஒருவர் சொன்னார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

வேப்ப மரத்தடியில் சுவரோடு சாய்ந்திருந்தது. பச்சைப் பெயிண்ட். ஸீட்டின் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. அதன் பார்வையில் 'இது என் வண்டி' என்ற தோரணை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. பின்னால் அந்த அகலமான கேரியர் இருந்ததே!

"பழைய இரும்புக்குப் போட்டா எண்ணூறு ரூவா தருவான் தம்பி" என்றார் தாத்தா. பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் கேரியரைத் தடவிக்கொண்டிருந்தேன். "நீங்க மூவாயிரத்து ஐந்நூறு குடுங்க" என்றார். பழைய பொருளை வாங்கப் போகிறவர்களுக்கு என் முதல் புத்திமதி இதுதான்: விலை பேசி முடிகிற வரைக்கும் பொருளைத் தடவாதீர்கள்.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, தாத்தா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தார். வண்டியின் ஆர்.சி. புத்தகம். திறந்து பார்த்தேன். 1991ல் பதிவு, டி.என். 69. உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் என் அப்பாவின் பெயர்!

"பேரு மாத்திரணும்னு உங்க அப்பா அப்பவே சொன்னாரு. நாந்தான் நாளைக்கு நாளைக்குன்னு இருந்துட்டேன்" என்றார் தாத்தா.

ஆக, இத்தனை வருஷமாகச் சர்க்கார் கணக்கில் அந்த வண்டி எங்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை! எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. உங்களுக்கு அப்படி இருக்கக்கூடாது. வண்டியை விற்றவர்கள் பெயர் மாற்றத்தை வாங்குபவரின் 'நாளைக்கு'க்கு விட்டுவிடாதீர்கள். அந்த வண்டி எங்கேயாவது யார்மேலாவது மோதினால், நோட்டீஸ் புத்தகத்தில் பெயர் உள்ளவரைத்தான் முதலில் தேடிக்கொண்டு வரும்.

ஒரு தட்டு வண்டியில் ஏற்றிக் கடம்பூருக்குக் கொண்டுவந்து, மெக்கானிக் அண்ணாச்சியின் கடை வாசலில் இறக்கினேன். முப்பது வருஷமாக இந்த வண்டிகளின் நாடி பிடித்துப் பார்த்து வருகிறவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பெடலைக் கையால் அழுத்தினார். அசையவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். கண்காட்சிக்கா, காட்டுக்கா?"

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். கண்காட்சிக்கு என்றால் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே ஆக்கவேண்டும். பெயிண்ட், ஸ்டிக்கர், போல்ட்டு எல்லாம் அசல். பின்னால் உள்ள கேரியரை வெட்டி எறிய வேண்டும். அது கம்பெனி கொடுத்ததல்ல. காட்டுக்கு என்றால் ஓடினால் போதும்.

"யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி. முதல்ல எஞ்சினைப் பாருங்க" என்றேன்.

வைத்தியம் ஆரம்பமாயிற்று. சிலிண்டருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. இதில் அவசரப்பட்டுச் சம்மட்டி எடுத்தால் காரியம் கெட்டது. ப்ளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாக டீசலை ஊற்றி நாலு நாள் ஊறப் போட்டார். ஐந்தாம் நாள் லேசாக அசைத்ததும் 'க்ளுக்' என்று விட்டுக்கொடுத்தது. ரிங் புதிது. மாக்னெட்டோவைக் கழற்றிப் பாயிண்டை உப்புக் காகிதத்தால் தேய்த்ததும் பொறி வந்தது. சைலன்சருக்குள் பழைய ஆயில் கரியாக உறைந்து பாதி அடைத்திருந்தது. அதைத் தீயில் காட்டித் தட்ட, கைப்பிடி கைப்பிடியாகக் கரி கொட்டியது. பெட்ரோல் டாங்க்குக்குள் துரு. பழைய நட்டுகளையும் பொடிக் கல்லையும் உள்ளே போட்டு, தெருப் பையன்களிடம் கொடுத்தார். அவர்கள் கிலுகிலுப்பை போல அரைநாள் குலுக்கினார்கள். கூலி, ஆளுக்கு இரண்டு போளி.

"ஓடாம கிடந்த வண்டியில முக்கியமாப் பாக்க வேண்டியது ஆயில் சீலு" என்றார் அண்ணாச்சி. ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. பெட்ரோலும் காற்றும் நேராக சிலிண்டருக்குள் போவதில்லை. முதலில் கீழே கிராங்க் கேஸுக்குள் போய், அங்கிருந்து மேலே தள்ளப்படுகிறது. அந்த அறையின் இரு பக்கமும் காற்றுப் புகாமல் ரப்பர் சீல் காக்கிறது. வருஷக்கணக்கில் சும்மா நின்றால் ரப்பர் காய்ந்துவிடும். விரிசல் வழியாக வெளிக்காற்றுப் புகும். பெட்ரோல் குறைந்து காற்று மிகும். எஞ்சின் தலைதெறிக்கச் சுற்றிச் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். 'ஓடுதே!' என்று சந்தோஷப்பட்டு முதல் நாளே நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் இப்படித்தான் வண்டியைக் கொல்கிறார்கள்.

பெட்ரோல் குழாயையும் புதிதாக மாற்றினார். இது இந்தக் காலத்துக்கு வந்த புது யோசனை. 2025லிருந்து நம் பங்க்குகளில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கிற சாராய வகை அது. பழைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது; ஈரத்தையும் இழுக்கும். ஆகையால் எத்தனாலைத் தாங்குகிற குழாயாகப் பார்த்துப் போடவேண்டும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்துவிட வேண்டும்.

பிறகு வந்தது வர்ணப் பிரச்னை.

"வண்டி நீலக் கலர்" என்றேன் நான். வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. "சிவப்புய்யா! நான் ஏறிப் போன வண்டி எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. அப்பாவைக் கேட்டோம். "கலரா? ஏதோ ஒரு கலரு" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்.

அண்ணாச்சி டாங்க்கில் ஓர் ஓரத்தை உப்புக் காகிதத்தால் தேய்த்தார். பச்சை போயிற்று. அடியில் சிவப்பு. அம்மா ஜெயித்தாள் என்று நினைத்தேன். இன்னும் தேய்த்தார். சிவப்பு போயிற்று. அடியில் நீலம்! இரண்டு பேரும் சொன்னது வாஸ்தவம்தான். ஓசூரிலிருந்து நீலமாக வந்திருக்கிறது. அப்புறம் எப்போதோ, மாட்டு வண்டிக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்டை அப்பா இதற்கும் அடித்திருக்கிறார். முன்னால் நின்றுகொண்டு குனிந்து பார்த்த குழந்தைக்கு நீலம் ஞாபகம் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீடுகளுக்கும் போன அம்மாவுக்குச் சிவப்பு ஞாபகம் இருக்கிறது.

அந்த இடத்தில்தான் அண்ணாச்சியின் கேள்வி எனக்கு முழுசாகப் புரிந்தது. பழைய பொருளைப் புதுப்பிக்கிறோம், பழையபடி ஆக்குகிறோம் என்கிறோமே, பழையபடி என்றால் எந்த நாளைப்போல? கம்பெனி வாசலை விட்டு வந்த நாளைப்போலவா? அன்றைக்கு அது யாருடைய வண்டியும் அல்ல. ஆயிரம் வண்டிகளில் ஒரு வண்டி. அதை எங்கள் வண்டியாக ஆக்கியது இந்தக் கேரியரும், மிச்சப் பெயிண்டும், ஒரு பக்கமாகத் தேய்ந்துபோன பெடலும் அல்லவா? அசல் என்று சொல்லி அவற்றை வெட்டி எறிந்துவிட்டால் மிஞ்சுவது அழகான ஒரு டி.வி.எஸ். 50. அப்பாவின் வண்டி அல்ல.

அசலாகப் புதுப்பித்து வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு காலத்து வேலைப்பாடு எப்படி இருந்தது என்று பிற்காலத்தார் பார்க்க அதுவும் வேண்டியதுதான். சர்க்காரே 2021ல் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி செய்து, ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு எண் கொடுக்க வழி செய்திருக்கிறது. புதிதாகப் பதியக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய். எங்கள் வண்டிக்கு 2041ல்தான் அந்தத் தகுதி வரும். அதுவரை அது கிழவியும் அல்ல, குமரியும் அல்ல.

"காட்டுக்குத்தான் அண்ணாச்சி. சிவப்பு அடிங்க. கேரியர்ல கை வைக்காதீங்க. ஸீட்டுக்கு அடியில உள்ளங்கை அகலத்துக்கு நீலத்தை அப்படியே விட்டுருங்க" என்றேன்.

மட்கார்டின் உள்பக்கத்திலிருந்து சிமிண்ட் மாதிரி இறுகிப்போன கரிமண் கட்டி ஒன்றைப் பெயர்த்து எடுத்தார். "இது எங்க காட்டு மண்ணா இருக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "நல்ல ஆளுய்யா! கரிசல்ல எங்க காடு உங்க காடுன்னு எழுதியா வச்சிருக்கு?" என்று சொல்லி வாசலில் எறிந்துவிட்டார்.

மொத்தச் செலவு, வண்டி விலையையும் சேர்த்துப் பதினெட்டாயிரத்துச் சொச்சம். மார்கழியில் ஒரு நாள் வண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இதற்கிடையில் காகித வேலை ஒன்று பாக்கி. பதிவு பதினைந்து வருஷத்துக்குத்தான் செல்லும். பிறகு வண்டியைக் காட்டிச் சோதனை முடித்து, இன்ஷூரன்ஸும் பசுமை வரியும் கட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அது முடிகிற வரைக்கும் ரோட்டுக்குக் கொண்டுபோவதில்லை, எங்கள் காட்டுக்குள்ளேயே ஓட்டுவது என்று எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொண்டேன். ஒருதரம் சட்டத்தை மீறி முள்ளில் விழுந்தது போதாதா?

அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார், முழங்கால் வலி. வண்டியைப் பார்த்தார். செலவைக் கேட்டார். சொன்னேன்.

"பதினெட்டாயிரமா? அதுக்கு ஒரு பழைய எக்ஸ்.எல். 100 நல்லதா வாங்கியிருக்கலாமேடா! நாலு ஸ்ட்ரோக்கு, புகை இல்லை, மிதிக்கவும் வேண்டாம்."

தூக்கிவாரிப் போட்டது. எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன! அவர் சொன்னதில் பிசகும் இல்லை. 2015ல் அந்த எக்ஸ்.எல். 100 வந்த பிறகு, ஊரில் பழைய வண்டியை யார் சீந்துகிறார்கள்?

இருந்தாலும் ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலை மிதித்தேன். இரண்டு மிதி சும்மா போயிற்று. மூன்றாவது மிதியில் 'டுர்ர்ர்ர்...' என்றது.

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் சட்டென்று நின்றது. அம்மா வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அப்பா பேப்பரை மடித்துவைத்தார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

"ஆயில் ஜாஸ்தி ஊத்தியிருக்கே" என்றார்.

அந்தத் துணிச்சலில் கேட்டுவிட்டேன். "அப்பா, அன்னைக்கு நான் களத்துல விழுந்து லைட்டை ஒடைச்சதுனாலதானே வண்டியை வித்தீங்க?"

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். "நீ விழுந்தியா? எப்போ?"

அவருக்கு ஞாபகமே இல்லை! இருபது வருஷத்துக்கு மேலாக நான் சுமந்துகொண்டு திரிந்த முள்ளை அவர் அன்று சாயங்காலமே தட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"அதுக்கெல்லாம் யாராவது வண்டியை விப்பாகளா? அந்த வருஷம் மழையே இல்லடா. உளுந்து போட்டது முளைக்கவே இல்லை. அட்டைப் பெட்டி வந்து, பெட்டி ஒட்டுற சோலியும் ஊருக்கு ஊர் நின்னுபோச்சு. சுமக்க ஒண்ணுமில்லாத வண்டிக்கு எதுக்குப் பெட்ரோலு? உங்க அக்கா படிப்புக்குக் கட்ட வேண்டியிருந்துச்சு. வித்தேன்." இவ்வளவையும் அவர் பஸ் டைம் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "அன்னைக்கு வித்துட்டு நடந்து வரும்போதுதான் ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

நான் பதில் பேசவில்லை. குழந்தையாக இருந்தபோது நமக்கு நடந்ததெல்லாம் நம்மைச் சுற்றியே நடந்தது என்று நினைத்துவிடுகிறோம். அந்த வீட்டில் அப்போது மழை பெய்யாதது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, களத்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்த பையனுக்குத் தெரியவில்லை.

"காட்டு வரைக்கும் ஒரு சுத்துப் போயிட்டு வாரேம்ப்பா" என்று வண்டியைத் திருப்பினேன். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, கூப்பிடாமலே வந்து பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தாள். "மெதுவாப் போய்யா" என்றாள். கேரியர் கம்பியை அவள் கை தானாகவே தேடிப் பிடித்தது.

"இருலே" என்றார் அப்பா.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, கொல்லைப் பக்கம் போனார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வீணாகிறது என்று அவரே திட்டுவாரே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு கருவேலங்குச்சி. ஒரு முனை அரிவாளால் புதிதாகச் சீவப்பட்டிருந்தது. பழைய ட்யூப் துண்டால் அதைக் கேரியரின் ஓரத்தில், பழைய இடத்திலேயே, இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். இழுத்துப் பார்த்தார்.

பிறகு மேற்கே வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இருட்டிக்கிட்டு வருது. சீக்கிரம் திரும்பிரு" என்றார்.